அதிராத வண்டி

அந்த ஒர்க்‌ஷாப்பில் ஒரு வழக்கம் இருந்தது. எந்தக் காரின் எஞ்சினையும் சும்மா கழற்றிவிட மாட்டார்கள். கடைசியாக ஒருமுறை ஓடவிட்டு, டாங்கில் மிச்சமிருக்கும் பெட்ரோல் தீர்ந்து, அது தானாக இருமி அடங்கும்வரை பக்கத்திலேயே நிற்பார்கள். அண்ணன் போட்ட சட்டம் அது. பாதி வாழ்க்கையை எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டே கழித்தவன் அவன். அந்த இடத்தில் மின்சார மோட்டாரை உட்கார வைக்க ஒப்புக்கொண்டானே தவிர, எஞ்சினுக்கு மரியாதை குறையக் கூடாது என்பதில் கறாராக இருந்தான்.

மோட்டாரைக் கொண்டுவந்தவள் அவனுடைய தங்கச்சி. ஷாக்கு என்று கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு, நல்ல பெயர்தான். சின்ன வயதில் ஸ்விட்ச் போர்டுக்குள் கம்பியை விட்டு வீட்டையே இருட்டாக்கியதிலிருந்து அண்ணன் இப்படிக் கூப்பிட ஆரம்பித்தான், ஊரும் பிடித்துக்கொண்டது. உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையில் இருந்தவள், ஒருநாள் அதை உதறிவிட்டு வந்து, "அண்ணே, உன் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கெல்லாம் நான் கரண்ட் குடுக்கப்போறேன்" என்றாள். அவன் கொஞ்ச நாள் முகம் கொடுத்தே பேசவில்லை. முதல் கார் முற்றத்தில் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனதைப் பார்த்த அன்றுதான் வாயைத் திறந்தான். "சனியன், நல்லாத்தான் ஓடுது" என்றான். அன்றிலிருந்து கழற்றுவது அவன், மாட்டுவது அவள்.

பல்லக்கா வந்தபோது அவளுடைய கார் தானாக ஓடி வரவில்லை. ஒரு லாரியின் முதுகில் ஏறி வந்தது. நீள மூக்கு, தாழ்ந்த இடுப்பு, ரெண்டே சீட்டு, திறந்த மேல்பக்கம், பழுத்த மஞ்சள். இந்த மாதிரிக் காரை இப்போது யாரும் செய்வதில்லை. எஞ்சின் பிளாக்கில் விரல் நீளத்துக்கு விரிசல். தண்ணீர் ஊற்றினால் ஊற்றிய வேகத்தில் கீழே வந்துவிடும். மாற்று பிளாக் எங்கும் கிடைக்கவில்லை; அண்ணன் தனக்குத் தெரிந்த பழைய இரும்புக்கடைகளையெல்லாம் சல்லடை போட்டுத் தேடிவிட்டுக் கையை விரித்தான்.

பல்லக்கா பல் செட்டுக் கட்டுகிறவள். டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அவள் மெழுகில் வார்த்து, தேய்த்து, மெருகேற்றி, மறுபடி சிரிக்கிற மாதிரி ஒரு வாயைச் செய்து அனுப்புவாள். ஒன்பது வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்கு இரண்டு காதும் சுத்தமாகப் போய்விட்டது. எதிராளியின் உதட்டைப் பார்த்தே எல்லாவற்றையும் புரிந்துகொள்வாள். "நான் வாயைப் பாத்தே பொழைக்கிறவ. எங்கிட்ட முணுமுணுக்காதீங்க, அதுவும் தெரியும்" என்று முதல் நாளே எச்சரித்தாள். குரல் மட்டும் மேலும் கீழும் போகாமல் ஒரே மட்டத்தில், கொஞ்சம் உரக்க வரும். அவளுடைய மகன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். அம்மாவுக்குப் பல், பிள்ளைக்குக் கண்; காதுதான் அந்தக் குடும்பத்தில் யாரும் எடுத்துக்கொள்ளாத துறை என்று அண்ணன் சொல்லப்போய், அதையும் அவள் உதட்டில் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

மகன் சிரிக்கவில்லை. அவன் ரொம்ப நாளாகவே அம்மாவை ஸ்டியரிங்கிலிருந்து இறக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறவன்.

"அண்ணே, உங்க முன்னாடியே சொல்லிடுறேன்" என்றான். "அம்மாவுக்கு இந்த வண்டியைத் தவிர வேற வண்டி வராது. எஞ்சின் நடுங்குற நடுக்கத்தை வெச்சுத்தான் ஓட்டுறாங்க. அது போச்சுன்னா எப்படி ஓட்டுவாங்க? ஹாரன் அடிச்சாலும் கேக்காது. தினமும் சாயந்தரம் இவங்க வீட்டுக்கு வர்ற வரைக்கும் நான் தெருவையே பாத்துக்கிட்டு நிக்கிறேன்."

"அதனால ஒரு ஒப்பந்தம்" என்று பல்லக்கா இடையில் புகுந்தாள். "மாத்தினதுக்கு அப்புறம் இவனைப் பக்கத்துல உக்கார வெச்சு ஓட்டிக் காட்டணும். ஓட்டிட்டா இவன் ஆயுசுக்கும் வாயைத் திறக்க மாட்டான். முடியலேன்னா நான் வண்டி ஓட்டுறதையே விட்டுடுறேன். வாக்குக் குடுத்துட்டேன்."

சொல்லும்போது அவள் மகனைப் பார்க்கவில்லை, காரைப் பார்த்தாள். அந்தப் பார்வையைக் கண்டுதான் ஷாக்கு வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். "அக்கா, வண்டி அப்படியே இருக்கும். ஒரு வித்தியாசமும் தெரியாது. நான் பொறுப்பு" என்றாள். அண்ணன் அவளை முறைத்தான். காதால் ஓட்டுகிறவர்களுக்கே வித்தியாசம் தெரியாது என்று சொல்ல முடியாது. இவளிடம் போய் எப்படிச் சொல்கிறாய் என்பது அந்த முறைப்பின் அர்த்தம்.

கடைசி ஓட்டத்துக்கு நால்வரும் நின்றார்கள். ஷாக்குவுக்கு லிஃப்ட் வேலையில் படிந்த பழக்கம் ஒன்று உண்டு: ஓடுகிற எதையும் அதிர்வு அளக்காமல் விட மாட்டாள். சீட்டிலும் கியர் குச்சியிலும் அதிர்வை அளக்கும் கருவிகளை ஒட்டினாள். அண்ணன் விரிசலில் ஏதோ பிசினை அப்பிவிட்டு, சாவியைத் திருப்பினான். கார் முழுக்க உதறியது. பல்லக்கா இரண்டு உள்ளங்கைகளையும் பானட் மேல் விரித்து வைத்தாள். அது போதாமல் குனிந்து கன்னத்தையும் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் புகை வந்தது, எஞ்சின் திக்கியது, நின்றது. மற்ற மூவரும் தலையை நிமிர்த்திய பிறகும் அவள் கன்னத்தை எடுக்கவில்லை. சூடு ஆறும்வரை அப்படியே இருந்தாள். இருபது எஞ்சின்களுக்காவது இப்படி நின்றிருக்கும் அண்ணன் அன்றுதான் மூக்கை உறிஞ்சினான். பெட்ரோல் நெடி என்று சொல்லிக்கொண்டான்.

பிறகு வேலை. எஞ்சினைத் தூக்கிய பிறகு அந்த மூக்குக்குள் ஒரு ஆள் படுத்துக்கொள்ளும் அளவுக்கு இடம் இருந்தது. பழைய கியர் பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்கும் மோட்டாருக்கும் நடுவில் ஒரு தடித்த அலுமினியத் தகட்டை அண்ணன் கடைந்து கொடுத்தான். இம்மி பிசகினாலும் தண்டு அலறும் என்பதால் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடைந்தான். ஒரு குடம் அளவுகூட இல்லாத மோட்டார். பேட்டரிப் பெட்டிகளில் பாதி முன்னால், பாதி பெட்ரோல் டாங்க் இருந்த இடத்தில். முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் முன்பிருந்த அதே பாரம் வரும்படி பெட்டிகளை ஷாக்கு நகர்த்தி நகர்த்தி வைத்தாள்.

எத்தனை கார் செய்தாலும் மோட்டார் முதல்முறை கண்விழிக்கும் அந்த நொடியில் அவளுக்குப் புல்லரிக்கும். வெடிப்பு இல்லை, புகை இல்லை. உள்ளே எங்கேயோ 'டக்' என்று ஒரு இணைப்பு விழும், அவ்வளவுதான். அதன் பிறகு அந்தக் கனத்த உடம்பு மொத்தமும் ஒரு கால் கட்டைவிரலின் அழுத்தத்துக்குக் காத்திருக்கும். இரும்புக்கு இவ்வளவு பொறுமை உண்டா என்று ஒவ்வொரு முறையும் ஆச்சரியப்படுவாள்.

பல்லக்கா முற்றத்தில் முதல்முறை உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பினாள். 'டக்' என்ற சத்தம் மற்றவர்களுக்குக் கேட்டது. அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுபடி திருப்பினாள், அணைந்துவிட்டது. மறுபடி திருப்பினாள், விழித்தது. "பச்சை விளக்கைப் பாருங்க அக்கா" என்று ஷாக்கு எதிரில் நின்று உதட்டை அசைத்தாள். பல்லக்கா தலையாட்டிவிட்டு, பழைய எஞ்சினை உறுமவிடுகிற வழக்கத்தில் காலை அழுத்தினாள். கார் பாய்ந்து, மூலையில் அடுக்கியிருந்த பழைய டயர் குவியலில் போய்ச் செருகிக்கொண்டது.

அடி ஒன்றும் இல்லை. பம்பரில் சின்ன நசுங்கல். ஆனால் இறங்கி வந்த பல்லக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை.

"ஊசி போட்டு மரத்துப்போன வாய் மாதிரி இருக்கு" என்றாள். "கடிக்கிறேனா இல்லையான்னே தெரியல. இது என் வண்டி இல்ல, ஷாக்கு."

அவள் கோபப்பட்டிருந்தால் தாங்கிக்கொண்டிருக்கலாம். ஒரு பொம்மையைத் திருப்பிக் கொடுக்கிற குழந்தை மாதிரி சொன்னாள். நல்ல வேளை, மகன் அன்று வரவில்லை. "அவன்கிட்ட இதைச் சொல்லாதீங்க. ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வர்றேன். அதுக்குள்ள ஏதாவது செய்ய முடியுமா பாரு" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அன்று ராத்திரி ஷாக்கு காரையே சுற்றிச் சுற்றி வந்தாள். அப்போதுதான் அவளுக்கு அந்த அற்புதமான யோசனை வந்தது. அற்புதம் என்று அவளே சொல்லிக்கொண்டாள். போன நடுக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் போகிறது! கடைசி ஓட்டத்தில் எடுத்த அதிர்வு அளவுகள் கையில் இருந்தன. சீட்டுக்கு அடியில் ஒரு சின்ன மோட்டார், அதன் தண்டில் ஒருபக்கம் மட்டும் எடை, சுற்றினால் உதறும். கியர் குச்சியின் அடியில் இன்னொன்று. காலை அழுத்த அழுத்த உதறல் கூடும். விடிந்தது தெரியாமல் அடைந்தது தெரியாமல் வேலை செய்தாள். அண்ணன் முதலில் நக்கல் அடித்தான்.

"பேய் புடிச்ச சீட்டுன்னு போர்டு மாட்டிடலாமா?"

"உக்காந்து பாத்துட்டுப் பேசுண்ணே."

உட்கார்ந்தான். கண்ணை மூடிக்கொண்டான். ஷாக்கு குனிந்து பெடலைக் கையால் அமுக்கிக் காட்டினாள். அவனுடைய கை தானாகக் கியர் குச்சிக்குப் போனது. "ஏய்... அதேதான். அந்த மூணாவது சிலிண்டர் லேசா நொண்டுமே, அதுகூட இருக்கு" என்றான். அவன் வாயிலிருந்து இதைவிடப் பெரிய பாராட்டு வந்ததில்லை. ஷாக்குவுக்குத் தலைகால் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் பிள்ளையும் வந்தார்கள். பல்லக்கா உட்கார்ந்து சாவியைத் திருப்பியதும் சீட்டு உதறியது. அவள் முகம் மலரும் என்று ஷாக்கு எதிர்பார்த்தாள். மலரவில்லை, ஒரு யோசனை ஓடி மறைந்தது. ஆனால் சமாளித்துக்கொண்டு, "இருக்கு, தெரியுது" என்றாள். முற்றத்தில் ஒரு சுற்று ஒழுங்காக ஓட்டினாள். முதல் தடவை ரோட்டுக்குப் போகும்போது ஏதாவது ஆகிவிட்டால் பக்கத்தில் ஷாக்கு இருப்பதுதான் நல்லது, திரும்பும்போது மகன் உட்காரட்டும் என்று பேசி முடிவானது. அண்ணனும் மகனும் பின்னால் வேனில் ஏறினார்கள்.

தெருக்களைக் கடந்து ஆற்றை ஒட்டிய நீளச் சாலைக்கு வந்தார்கள். பல்லக்கா நன்றாகத்தான் ஓட்டினாள், ஆனால் பற்களைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. ஷாக்கு கண்ணாடியில் வேனைப் பார்த்தாள். மகன் முன்னால் சாய்ந்து, அம்மாவின் தலையிலிருந்து கண்ணை எடுக்காமல் இருந்தான்.

அப்போது சீட்டுக்கு அடியில் 'கட்' என்று ஒரு சத்தம். எதுவோ உருண்டது. உதறல் நின்றது. கியர் குச்சியும் கூடவே நின்றது; இரண்டுக்கும் ஒரே ஃபியூஸ். உயிரைக் கொடுத்துச் செய்த வேலை, ஒரு எடையை இறுக்கும் திருகு கழன்று மொத்தமும் போயிற்று. அவள் பல்லக்காவின் பார்வையில் படும்படி கையை ஆட்டினாள். "ஓரமா நிறுத்துங்க அக்கா! நிறுத்துங்க!"

பல்லக்காவும் பயந்துதான் போயிருந்தாள். காலை எடுத்தாள், கார் தானாக வேகம் தணிந்தது. ஓரமாக ஒதுங்கப்போனவள், ஒதுங்கவில்லை. புருவம் சுருங்கியது. இறுக்கிப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தினாள். கடைசியில் நுனிவிரல்கள் மட்டுமே ஸ்டியரிங்கில் இருந்தன. புதிதாகத் தேய்த்து முடித்த பல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது இப்படித்தான் பிடிப்பாள்.

"அக்கா, திருகு கழண்டுடுச்சு, ரெண்டு நிமிஷம்..."

"பேசாதே" என்றாள் பல்லக்கா. "உன் வாயைப் பாத்தா எனக்குக் கை மறந்துபோகுது."

காது கேட்காத ஒருத்தி தன்னைப் பேசாதே என்று அதட்டியது ஷாக்குவின் வாழ்க்கையில் அதுதான் முதல்முறை. வாயை மூடிக்கொண்டாள்.

கார் மெல்லப் போனது. பல்லக்கா ரோட்டைப் பார்த்தபடியே, யாருக்கோ வாசித்துக் காட்டுகிற மாதிரி பேச ஆரம்பித்தாள். "இது புதுத் தார். வழவழன்னு இருக்கு... இங்க பழசு, கல்லு தலையை நீட்டிக்கிட்டு இருக்கு... இதோ, இதை வெட்டியிருக்காங்க. குறுக்கால வெட்டி எதையோ போட்டு மூடியிருக்காங்க. சரியா அமுக்கல." ஷாக்கு கதவுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். கறுப்பாக ஒரு ஒட்டு பின்னால் நழுவிப் போனது. பார்த்தால்கூட யாரும் கவனிக்க மாட்டார்கள். பல்லக்கா வேண்டுமென்றே சக்கரத்தை ஓரத்து வெள்ளைக்கோட்டின் மேல் ஏற்றினாள். "பெயின்ட்டு!" என்றாள். "ரெண்டு தடவை அடிச்சிருக்கான். பழசு மேலயே புதுசு." சொல்லிவிட்டு ஒரு சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தாள். "பல்லு மேல நாக்கை ஓட்டுற மாதிரி இருக்குடி!"

ஷாக்குவுக்கு மயிர்க்கால்கள் சிலிர்த்தன. இந்த மோட்டாரைப் பொருத்தியது அவள். ஒவ்வொரு கம்பியும் எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அதன் வழியாக இதெல்லாம் வரும் என்று அவளுக்குத் தெரியாது. சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டாள்.

இரும்புப் பாலம் வந்தது. ஆற்றுக்கு மேல் நீளமான, வயதான பாலம். நடுவில் பழுது பார்க்கிறார்கள். ஒரு பக்கத்தை அடைத்துவிட்டு, எதிர்ப்பக்கத்து வண்டிகளைக் கொஞ்சம், இந்தப் பக்கத்து வண்டிகளைக் கொஞ்சம் என்று கொடி காட்டி மாற்றி மாற்றி விடுகிறார்கள். இந்தப் பக்கத்து வரிசை பாலத்தின் மேலேயே நின்றது. முன்னால் ஒரு பஸ், பின்னால் ஒரு சரக்கு வண்டி, அதற்குப் பின்னால் அண்ணனின் வேன். எல்லா எஞ்சின்களும் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தன. பஸ் மட்டுமே பத்துப் பேருக்குச் சமமாகக் கத்தியது.

மஞ்சள் கார் நின்றது. அதன் மோட்டார் நின்றால் முழுசாக நின்றுவிடும். ஒரு துளி அசைவு இருக்காது. பல்லக்கா செருப்பை உதறிவிட்டு இரண்டு பாதங்களையும் தரையில் வைத்தாள். ஒரு உள்ளங்கையைக் கதவின் தகட்டில் பதித்தாள். அசையாமல் இருந்தாள். மூச்சு விடுகிறாளா என்று ஷாக்குவுக்குச் சந்தேகம் வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பல்லக்காவின் கண்களிலிருந்து தாரை தாரையாக வழிந்தது.

"என்னாச்சு அக்கா?" என்று ஷாக்கு அவள் தோளைத் தொட்டாள்.

"பாலம் மூச்சு விடுது" என்றாள் பல்லக்கா. எப்போதும் உரக்கப் பேசுகிறவளின் குரல் முதல்முறையாகத் தணிந்து வந்தது. "பஸ்ஸு தனியா நடுங்குறது தெரியுது. பின்னாடி இருக்கிற வண்டி தனியா தெரியுது. ஒருத்தன் எங்கேயோ சுத்தியல் அடிக்கிறான். எல்லாத்துக்கும் கீழ இன்னொண்ணு இருக்கு, நிக்கவே மாட்டேங்குது. தண்ணி. தூண் மேல தண்ணி மோதுது."

ஷாக்கு குனிந்து தன் கையைத் தரையில் வைத்தாள். ஒன்றும் இல்லை. கண்ணை மூடினாள். பஸ்ஸின் இரைச்சல்தான் காதை அடைத்தது. இரண்டு காதுகளிலும் விரலை விட்டுக்கொண்டு, வெறும் பாதத்தை ஊன்றினாள். கொஞ்ச நேரம் கழித்து, ரொம்ப ஆழத்தில், மெதுவாக, ஏதோ ஒன்று வந்து வந்து போனது. ஆறுதானா அது என்று அவளால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் உடம்பெல்லாம் ஒருமுறை ஆடிப்போயிற்று. இத்தனை பெரிய விஷயம் காலுக்கடியிலேயே நடந்துகொண்டிருக்க, நாம் அதன் மேல் ஹாரன் அடித்துக்கொண்டு போகிறோமே என்று பட்டது.

"ஒன்பது வயசுல காது போச்சு" என்றாள் பல்லக்கா. "அமைதின்னா என்னன்னு என்னைவிட யாருக்குத் தெரியும்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். இல்ல ஷாக்கு. அந்த எஞ்சின் இத்தனை வருஷமா என் உடம்புக்குள்ள கத்திக்கிட்டே இருந்திருக்கு. அது எனக்குத் துணைன்னு நெனச்சேன். துணைதான், இல்லேங்கல. ஆனா அது கத்துனதுல வேற எதுவும் எனக்குக் கேக்கல. சத்தம்னா என்னன்னு அது நின்னப்புறம்தான் தெரியுது. நீ அதை மறுபடியும் சீட்டுக்கடியில வெச்சுக் குடுத்தே."

ஷாக்குவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. காது கேட்கிறவள் காது கேட்காதவளுக்குச் செய்து கொடுத்த பரிசு, ஒரு பெரிய இரைச்சல். "மன்னிச்சிடுங்க அக்கா" என்று உதட்டை அசைத்தாள்.

அதற்குள் மகன் வேனிலிருந்து இறங்கி ஓடிவந்துவிட்டான். பின்னாலிருந்து அவன் பார்த்ததெல்லாம் கார் தடுமாறியது, ஷாக்கு கையை ஆட்டியது, கோட்டின் மேல் ஏறியது, இப்போது அம்மா கண்ணைத் துடைப்பது. போதாதா? அம்மாவின் பக்கத்துக் கதவருகே, எதிர் வண்டிகள் வருகிற பாதையில் நின்றுகொண்டு குனிந்தான்.

"அந்த ஆட்டம் நின்னுபோச்சா? நின்னுபோச்சுதானே? போதும்மா. எறங்கு. நான் ஓட்டிட்டு வர்றேன். உனக்கு ஏதாவது ஆச்சுன்னா..." அவன் குரல் உடைந்தது. கோபமே இல்லை அதில், வெறும் பயம்தான். ஷாக்குவுக்கு அவன் மேல் இரக்கமாக இருந்தது. வாக்கு வாக்குதான், இவன் சொன்னால் பல்லக்கா இறங்கிவிடுவாள். மறுபடி ஏற மாட்டாள்.

பல்லக்கா அவன் உதட்டைப் படித்துக்கொண்டிருந்தாள். பாதியில் அவளுடைய கண்கள் நிலைகுத்தின. கதவுத் தகட்டில் இருந்த கை விறைத்தது.

"ஒட்டி நில்லு" என்றாள்.

"அம்மா, நான் சொல்றதைக்..."

"வண்டியோட ஒட்டி நில்லுடா! பெருசா ஒண்ணு வருது."

அவன் நிமிர்ந்து பார்த்தான். முன்னால் பஸ்ஸின் முதுகு பாதையை மறைத்துக்கொண்டிருந்தது. ஒன்றும் தெரியவில்லை. ஒன்றும் கேட்கவுமில்லை, பஸ்ஸின் உறுமலில் இடி விழுந்தாலும் கேட்டிருக்காது. ஷாக்குவும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள், எதுவும் இல்லை. பல்லக்கா கையை வெளியே நீட்டி அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்துக் கதவோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். சின்னக் குழந்தையை ரோட்டோரம் இழுத்துப் பிடிக்கிற அதே பிடி.

பஸ்ஸின் மறைவிலிருந்து லாரி வந்தது. இரும்பு உத்தரங்களை ஏற்றிய நீளமான லாரி, அந்தக் குறுகலில் தன் பாதை போதாமல் இவர்கள் பக்கமாக உரசிக்கொண்டு வந்தது. அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு சாண் இடைவெளியில் சக்கரம் சக்கரமாகக் கடந்து போனது. காற்றில் அவன் சட்டை படபடத்தது. லாரி போய், அதன் புழுதியும் போய், அதற்கும் பிறகுதான் பல்லக்கா பிடியை விட்டாள்.

அவன் பேயறைந்தவன் மாதிரி நின்றான். லாரி வந்த திசையைப் பார்த்தான். பஸ்ஸைப் பார்த்தான். அம்மாவின் கையைப் பார்த்தான்.

"எப்படிம்மா?" என்றான். சத்தம் வரவில்லை, உதடு மட்டும்தான் அசைந்தது. அவளுக்கு அது போதும்.

"பாலம் சொல்லுச்சு" என்றாள் அவள், மார்க்கெட்டில் யாரோ சொன்ன சேதியைச் சொல்வது போல. "இப்ப நீ சொல்லு. எறங்கணுமா?"

முன்னால் கொடி அசைந்திருக்க வேண்டும். வரிசையின் தலைப்பக்கம் வண்டிகள் நகரத் தொடங்கின. ஷாக்கு தன் பக்கத்துக் கதவைத் திறந்து இறங்கிக்கொண்டாள். மகன் கார் மூக்கைச் சுற்றிக்கொண்டு வந்தான். நடக்கும்போது ஒரு கை பானட்டைத் தொட்டுக்கொண்டே வந்தது. அந்தத் தாழ்ந்த சீட்டில் உடம்பை மடித்து உட்கார்ந்தான். பெல்ட்டைப் போட்டான். பின்னால் நின்ற சரக்கு வண்டி ஹாரன் அடித்தது. அவன் அதைச் சட்டை செய்யவில்லை. நிதானமாகக் குனிந்து ஷூ இரண்டையும் கழற்றினான், காலுறைகளையும் உருவினான், எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டான். வெறும் பாதங்களைத் தரைத் தகட்டில் ஊன்றி ஒரு நொடி அப்படியே இருந்தான். பிறகு, அவளுக்கு உதடு தெரியும்படி முகத்தை நன்றாகத் திருப்பினான்.

"போலாம்மா" என்றான்.